புது நர்ஸம்மா வந்திருக்கிறார்
(ராயகிரியில் தம்பதியர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

காட்டு வேலையை ஒரு பொழுது ஒதுக்கி வைத்துவிட்டு, கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு இங்கே வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் உங்களுக்குப் புதிதாகத் தோன்றலாம். ஆஸ்பத்திரியில் தற்காலிகமாக வேலைக்கு வரும் நர்ஸுகளையும் பயிற்சி டாக்டர்களையும் முதல் நாளில் எப்படிப் பழக்க வேண்டும் என்பதுதான் அது. "அது ஆஸ்பத்திரிக்காரங்க பாடு, எங்களுக்கு எதுக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இது உங்கள் பாடும்தான்.

இந்தப் பக்கத்தில் எந்த ஊருக்குப் போனாலும் கர்ப்பிணிப் பெண்களும் அவர்களுடைய மாமியார்மாரும் என்னிடம் சொல்லும் குறை ஒன்று உண்டு. "போன மாசம் இருந்த நர்ஸம்மா இந்த மாசம் இல்லை. புதுசா ஒரு சின்னப் பிள்ளை நிக்கிது. அதுகிட்ட எப்படி நம்பி உடம்பைக் காட்டுறது?" என்பார்கள். இந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் பயந்து வீட்டில் இருந்துவிடவும் முடியாது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 99க்கு மேல் மருத்துவமனையிலேயே நடக்கின்றன. ஆகவே இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு தம்பதியரும் ஒரு நாள் ஆஸ்பத்திரிப் படி ஏறப் போகிறவர்கள்தான். அன்றைக்கு உங்கள் எதிரே நிற்பவர் அங்கே பத்து வருஷமாக இருப்பவராக இருக்கலாம். அன்று காலையில்தான் வந்து சேர்ந்தவராகவும் இருக்கலாம்.

தற்காலிகமானவர்கள் யார்?

முதலில் ஒரு தெளிவு. தற்காலிகம் என்றால் படிக்காதவர் என்று அர்த்தம் இல்லை. டிப்ளமா நர்ஸ் என்றால் மூன்று ஆண்டு படித்தவர். பி.எஸ்.சி. நர்ஸ் என்றால் நான்கு ஆண்டு படித்தவர். பயிற்சி டாக்டர் என்பவர் எம்.பி.பி.எஸ். பரீட்சை எல்லாம் எழுதித் தேறிவிட்டு, ஓராண்டு காலம் துறைதோறும் மாறி மாறி வேலை பழகுகிறவர். நம் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனவர்கள் இந்த இளம் டாக்டர்களை நிறையப் பார்த்திருப்பீர்கள்.

இவர்களைத் தவிர ஒப்பந்த நர்ஸுகள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012இல் அமைக்கப்பட்டது. 2015இல் அந்த வாரியம் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கான நர்ஸுகளைத் தொகுப்பூதியத்தில் எடுத்தது. அன்று அவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய். பிறகு 2020இல் கொரோனா வந்தபோது அவசரமாக இன்னும் பலரைத் தற்காலிகமாக எடுத்தார்கள். அவர்களில் 2,400 பேருக்கு மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. நோய்க் காலத்தில் முகக்கவசத்தோடு ராப்பகலாக நின்ற பெண்கள் அவர்கள்.

ஆக, பெரிய ஆஸ்பத்திரிகளில் புது முகங்கள் வருவதும் பழைய முகங்கள் மாறுவதும் நடந்துகொண்டேதான் இருக்கும். வருகிறவர் புதியவர் என்பதில் ஆபத்து இல்லை. வந்தவருக்கு இடத்தைக் காட்டிக் கொடுக்காமல் விட்டால்தான் ஆபத்து.

உங்கள் வயலையே எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பு வெட்ட வெளியூர் ஆள் வருகிறார். வெட்டுகிற வேலையில் அவர் கெட்டிக்காரர். ஆனாலும் முதல் நாள் நீங்கள் என்ன செய்வீர்கள்? "இந்த வரப்பு வரைக்கும் நம்மது. கிணறு அந்தப் புதர்ப் பக்கம் இருக்கு, பாத்துப் போங்க. மோட்டார் சுவிட்சு அந்த அறையில. சாவி இந்த இடத்துல" என்று காட்டுவீர்கள் அல்லவா? காட்டாமல் விட்டால் கெட்டிக்காரரும் கிணற்றில் விழுவார். சங்கரன்கோவிலில் தறி ஓட்டுகிறவரும் அப்படித்தான். புதுத் தறிக்கூடத்துக்குப் போனால் மெயின் சுவிட்ச் எது என்று கேட்டுக்கொண்டுதான் தறியில் கை வைப்பார்.

சாவி எங்கே?

என் சொந்த வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம், ஆஸ்பத்திரி பெயரும் வேண்டாம். பல வருஷங்களுக்கு முன்பு என் தங்கை தலைப்பிரசவத்துக்காக ஒரு மருத்துவமனையில் சேர்ந்தாள். ராத்திரி குழந்தை பிறந்தது. நல்ல குழந்தை. ஆனால் தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை.

அன்று இரவுப் பணியில் இருந்த நர்ஸ் அன்றுதான் தற்காலிகமாக வந்து சேர்ந்தவர். இளம்பெண். கர்ப்பப்பை சுருங்குவதற்கு என்ன ஊசி போட வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆக்சிடோசின் என்ற மருந்து அது. குளிர்ச்சியில் வைக்க வேண்டிய மருந்து. ஆகவே அது பக்கத்து அறை ஃபிரிட்ஜில் இருந்தது. அந்த அறை பூட்டியிருந்தது. சாவி எங்கே என்று அவருக்குத் தெரியாது. பகலில் இருந்த நர்ஸ் வீட்டுக்குப் போயிருந்தார். அந்தப் பெண் மேஜையைத் துழாவினார், அலமாரியைத் துழாவினார், கை நடுங்க வெளியே ஓடி வந்தார். கடைசியில் வராந்தாவில் படுத்திருந்த வயதான ஆயாவை எழுப்பினோம். "ரிஜிஸ்டர் பெட்டிக்குப் பின்னால ஆணியில தொங்குது தாயி" என்றார் அவர்.

அதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது. பிரசவத்துக்குப் பின் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனாலே அதை ஆபத்தான போக்கு என்கிறோம். கால் மணி நேரத்தில் எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். என் தங்கைக்கு ரத்தம் ஏற்றித்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. இன்று அவள் பேரக்குழந்தையோடு நலமாக இருக்கிறாள்.

அன்று நான் அந்த இளம்பெண்ணைக் கண்டபடி பேசிவிட்டேன். அவர் பதில் பேசாமல் அழுதார். வீட்டுக்கு வந்து ஆறியிருந்து யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு மருந்து தெரியாமல் போகவில்லை. மருந்து இருக்கும் இடத்தை யாரும் அவருக்குக் காட்டவில்லை. பணியில் சேர்த்துக்கொண்டவர்கள் அரை மணி நேரம் ஒதுக்கி அந்தப் பெண்ணைக் கையோடு கூட்டிப் போய் எல்லாவற்றையும் காட்டியிருந்தால், அந்தக் கால் மணி நேரம் வீணாகியிருக்காது. அன்றிலிருந்து எந்தச் சுகாதார நிலையத்துக்குப் போனாலும், புதிதாகச் சேர்ந்தவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: "அம்மா, சாவி எங்கே இருக்குன்னு சொன்னாங்களா?"

புதியவர்களும் கை சுத்தமும்

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. ஐரோப்பாவில் வியன்னா என்ற நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் 1840களில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் வேலை பழகினார்கள். மற்றதில் மருத்துவச்சிகள் வேலை பழகினார்கள். மாணவர்கள் இருந்த வார்டில் பிரசவக் காய்ச்சல் வந்து தாய்மார்கள் அதிகமாக இறந்தார்கள். அந்த வார்டில் மட்டும் சேர்க்காதீர்கள் என்று கர்ப்பிணிகள் கெஞ்சுவார்களாம்.

செம்மல்வைஸ் என்ற டாக்டர் காரணத்தைத் தேடினார். மாணவர்கள் பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேரே பிரசவ வார்டுக்கு வந்தார்கள். அவர்கள் கையோடு நோயும் வந்தது. 1847 மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவாமல் யாரும் தாயைத் தொடக்கூடாது என்று அவர் கட்டளையிட்டார். அந்த ஆண்டு ஏப்ரலில் அந்த வார்டில் 100 தாய்மாருக்கு 18 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். ஜூன் மாதத்தில் அது சுமார் 2 ஆகக் குறைந்தது. அந்த மாணவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்தவுடன் தாய்மார்கள் பிழைத்தார்கள்.

இங்கிலாந்தில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம் முதல் புதன்கிழமை இளம் டாக்டர்கள் கூட்டமாகப் பணியில் சேருவார்கள். அவசரமாகச் சேர்க்கப்பட்ட நோயாளிகளிடையே, அதற்கு முந்தைய வாரத்தைவிட அந்த வாரத்தில் மரணத்தின் வாய்ப்பு சுமார் 6 சதவீதம் கூடுதல் என்று 2009இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அங்கே 2012 முதல், வேலை தொடங்கும் முன் குறைந்தது நான்கு நாள் புதியவர் பழைய டாக்டரின் பின்னாலேயே சென்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். நன்றாகப் படித்த டாக்டருக்கே அது தேவைப்படுகிறது என்றால், நம் ஊருக்குப் புதிதாக வரும் நர்ஸம்மாவுக்கு வேண்டாமா?

முதல் நாள் என்ன சொல்லித் தர வேண்டும்?

நல்ல ஆஸ்பத்திரியில் புதிதாக வருகிறவருக்கு முதல் நாளிலேயே சொல்லித் தரும் பாடங்கள் சில உண்டு. உங்களுக்கும் அவை தெரிந்திருக்கட்டும். தெரிந்திருந்தால்தான் சரியாக நடக்கிறதா என்று பார்க்க முடியும்.

1. இடம். அவசர மருந்து எங்கே, ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே, அதைத் திறக்கும் சாவி எங்கே, ரத்தம் வேண்டுமென்றால் யாருக்குப் போன் செய்ய வேண்டும், இரவில் எந்த டாக்டர் பொறுப்பு. இவற்றைச் சொல்வது போதாது. கூட நடந்து காட்ட வேண்டும்.

2. கை. ஒரு நோயாளியைத் தொடும் முன்பும் தொட்ட பின்பும் கை கழுவ வேண்டும். சோப்பு போட்டுக் கழுவினால் 40 முதல் 60 விநாடி ஆக வேண்டும். கையில் தேய்க்கும் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது. தண்ணீரைத் தொட்டுத் துடைப்பது கை கழுவுவது ஆகாது.

3. ஆள் அடையாளம். இந்தப் பக்கத்தில் கோமதி என்ற பெயர் இல்லாத தெரு உண்டா? ஒரே வார்டில் மூன்று கோமதிகள் படுத்திருப்பார்கள். ஆகவே ஊசி போடும் முன் பெயரை மட்டும் கேட்கக்கூடாது. கணவர் பெயரையோ பதிவு எண்ணையோ சேர்த்துக் கேட்க வேண்டும். "நீங்கதானே கோமதி?" என்று கேட்டால் மயக்கத்தில் இருப்பவர் எதற்கும் "ஆமா" என்பார். "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்பதுதான் முறை.

4. ஊசியும் கழிவும். 2016இல் வந்த உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி, பணியில் சேரும்போதே ஊழியருக்கு இதில் பயிற்சி தர வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒரு தடவையாவது தர வேண்டும். மஞ்சள் காமாலை பி வகைக்கும் ரண ஜன்னிக்கும் தடுப்பூசி போட வேண்டும். இந்த விதி நிரந்தர ஊழியருக்கு மட்டும் என்று சொல்லவில்லை. ரத்தம் பட்ட பஞ்சும் நஞ்சுக்கொடியும் மஞ்சள் பையில், ரப்பர் குழாயும் கையுறையும் சிவப்புப் பையில், ஊசி முனை துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலப் பெட்டியில். உங்கள் வீட்டு இட்லிப் பொட்டலத்தையும் வாழைப்பழத் தோலையும் அவற்றில் போடாதீர்கள். அவற்றுக்கென்று தனித் தொட்டி உண்டு.

5. பொறுப்பு ஒப்படைப்பு. ஒரு நர்ஸ் வேலை முடிந்து போகும்போது அடுத்தவரிடம் ஒவ்வொரு நோயாளி பற்றியும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தது, ரத்த அழுத்தம் எவ்வளவு, எதைக் கவனிக்க வேண்டும் என்பதெல்லாம். கட்டில் அருகே நின்று சொல்வது நல்லது. நோயாளியின் காதிலும் அது விழும்.

6. தெரியாவிட்டால் கேட்பது. இதுதான் எல்லாவற்றிலும் பெரிய பாடம். "எனக்குத் தெரியலை சிஸ்டர், வந்து பாருங்க" என்று புதியவர் தயங்காமல் சொல்ல வேண்டும். அப்படிக் கேட்டவரைத் திட்டாத ஆஸ்பத்திரியே பாதுகாப்பான ஆஸ்பத்திரி.

நீங்களும் புதியவர்தான்

இப்போது உங்கள் பக்கத்துக்கு வருவோம். ஆஸ்பத்திரிக்கு நீங்களும் நாலைந்து நாளைக்கு வந்து போகும் தற்காலிக ஆட்கள்தானே? உங்களுக்கும் இடம் பழக வேண்டாமா?

ஒன்பதாம் மாதத்தில் பரிசோதனைக்குப் போகும்போது கணவரும் கூடப் போங்கள். "எங்க வீட்டுக்காரருக்கு வேலை இருக்கு" என்று சொல்ல வேண்டாம். அரை நாள் கூலி போனால் போகட்டும். இரவில் எந்த வாசல் திறந்திருக்கும், பிரசவ அறை எந்தப் பக்கம், துணைக்கு வருகிறவர் எங்கே தங்கலாம் என்று பார்த்து வையுங்கள். அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது. ஆனாலும் உங்கள் தெருவுக்கு வழி சொல்லத் தெரிந்த ஒருவர் போனை எடுக்க வேண்டும். அது யார் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

ஒரு துணிப்பையில் கர்ப்ப கால அட்டை, பதிவு எண், ரத்த வகைச் சீட்டு, ஸ்கேன் சீட்டு எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். உங்களைப் பல மாதமாகப் பார்த்துவந்த கிராம சுகாதாரச் செவிலியருக்கு உங்கள் உடம்பு தெரியும். பிரசவ அறையில் நிற்கும் புது நர்ஸுக்குத் தெரியாது. அந்த அட்டைதான் அவருக்குச் சொல்லும். "அட்டை வீட்டுல இருக்கு" என்றால் அவர் இருட்டில் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

வாயாலும் சொல்லுங்கள். முன் பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனதா? ஆபரேஷன் ஆனதா? ஏதாவது மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் தடித்ததா? சர்க்கரை, வலிப்பு, இருதயக் கோளாறு உண்டா? கருக்கலைந்தது உண்டா? மாமியார் எதிரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் நர்ஸிடம் தனியாகச் சொல்லுங்கள். ஆனால் மறைக்காதீர்கள். "முன்ன இருந்த அம்மாகிட்ட சொல்லிட்டேனே" என்று இருந்துவிடாமல் ஒவ்வொரு புது முகத்திடமும் மறுபடி சொல்லுங்கள். அலுப்பாக இருக்கும். ஆனாலும் உயிர் முக்கியம்.

கேள்வியும் கேளுங்கள். "அம்மா, உங்க பேரு என்ன? இது என்ன ஊசி? எதுக்கு?" இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. நன்றாகப் பழக்கப்பட்ட நர்ஸ் கோபப்பட மாட்டார், பதில் சொல்வார். "கை கழுவிட்டீங்களாம்மா?" என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கேட்கிற விதம் மட்டும் பதமாக இருக்கட்டும். பயிற்சி மாணவிகள் சூழ்ந்து நின்று பார்க்க வேண்டுமென்றால் உங்கள் சம்மதத்தைக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். திரை போட வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்லலாம். அதற்காக உங்கள் வைத்தியத்தில் எந்தக் குறையும் வரக்கூடாது.

பிரசவத்துக்குப் பின் முதல் இரண்டு மணி நேரம் கூட இருப்பவர் கண் அயரக்கூடாது. வைத்த துணி சீக்கிரமே முழுக்க நனைந்தாலும், தாய்க்கு மயக்கமோ படபடப்போ வந்தாலும், கண் இருட்டினாலும் உடனே கூப்பிடுங்கள். புது நர்ஸ் ஒருவர் மட்டும் இருந்து திகைக்கிறார் என்று தோன்றினால், "பெரிய சிஸ்டரையோ டாக்டரையோ கூப்பிடுங்கம்மா" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வது அவருக்கும் உதவிதான். தயங்கிக்கொண்டு நிற்பவருக்கு அது தைரியம் தரும்.

ஒரு விஷயம் மறக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் பிரசவம், ஆபரேஷன், மருந்து, பரிசோதனை, சாப்பாடு எல்லாம் இலவசம். 2011 முதல் நடக்கும் மத்திய அரசுத் திட்டம் அது. யாருக்கும், எந்தப் பெயரிலும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

குடும்ப நல முடிவு வீட்டிலேயே ஆகட்டும்

பிரசவத்துக்கு வந்த இடத்தில் அடுத்த குழந்தை எப்போது என்ற பேச்சும் வரும். வரத்தான் வேண்டும். இரண்டு குழந்தைகளுக்கு நடுவே குறைந்தது மூன்று ஆண்டு இடைவெளி தாய்க்கும் நல்லது, சேய்க்கும் நல்லது. ஆனால் இடுப்பு வலியில் துடிக்கும் பெண்ணிடம் புதிதாக வந்த ஒருவர் "காப்பர்-டி போடட்டுமா?" என்று கேட்டால் அவள் என்ன பதில் சொல்வாள்? வலி விட்டால் போதும் என்று தலையை ஆட்டுவாள். அது சம்மதம் ஆகாது. பழக்கப்பட்ட ஊழியர் அப்படிக் கேட்க மாட்டார். ஆகவே கர்ப்ப காலத்திலேயே கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

பிரசவம் முடிந்து 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் 'அந்தரா' ஊசி இருக்கிறது. தாய்ப்பால் கொடுப்பவர் பிரசவமாகி ஆறு வாரம் கழித்து அதை ஆரம்பிக்கலாம். 'சாயா' என்ற மாத்திரை, முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. ஆணுறை எப்போதும் உண்டு. குடும்பம் போதும் என்று இருவரும் முடிவு செய்தால், ஆண்களுக்குக் கத்தியின்றித் தழும்பின்றிச் செய்யும் கருத்தடை பெண்களுக்குச் செய்வதைவிட எளிது. பிறகு கொஞ்ச நாளில் வழக்கம்போல் வயல் வேலை செய்யலாம், ஆண்மை குறையாது. எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். முடிவை உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி அட்டையில் எழுதி வாங்கி வையுங்கள். பிறகு எந்தப் புது முகம் வந்தாலும் அட்டையே பேசும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைதான்

கடைசியாக ஒரு வேண்டுகோள். புதிதாக வந்திருக்கும் அந்தப் பெண்ணை "நேத்து வந்தவ" என்று ஏளனமாகப் பேசாதீர்கள். ஆத்திரத்தில் கை ஓங்குவது சட்டப்படியும் குற்றம். மருத்துவ ஊழியர்களைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள். பயந்த கை நடுங்கும். நடுங்குகிற கையில்தான் உங்கள் மனைவியின் உயிர் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குறை இருந்தால் பொறுப்பு மருத்துவரிடம் எழுதிக் கொடுங்கள். "புதுசா வந்த நர்ஸுக்கு எல்லாம் காட்டிக் கொடுத்தீங்களா டாக்டர்?" என்று கேளுங்கள். பத்துப் பேர் அப்படிக் கேட்டால் பதினோராவது தடவை அவர்களே செய்வார்கள்.

நம் ஊர்ப் பக்கத்திலிருந்தும் எத்தனையோ பெண்பிள்ளைகள் நர்ஸ் படிப்பு படிக்கிறார்கள். கடன் வாங்கி, நகையை வைத்து நீங்கள்தான் படிக்க வைக்கிறீர்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு ஏதோ ஓர் ஊரில், தெரியாத ஆஸ்பத்திரியில், தற்காலிகமாகத்தான் வேலையில் சேருவாள். முதல் நாள் ராத்திரி அவள் தனியாக நிற்பாள். அங்கே ஒரு பெரியம்மா, "பயப்படாத தாயி, சாவி இங்கதான் இருக்கு" என்று காட்டிக் கொடுத்தால் உங்கள் மனம் எப்படிக் குளிரும்? அந்தப் பெரியம்மாவாக நீங்கள் இருங்கள்.

வீட்டுக்குப் போனதும் கணவனும் மனைவியும் உட்கார்ந்து இந்த ஐந்து காரியங்களைப் பேசி முடியுங்கள்.

அட்டைகள் எல்லாம் ஒரே பையில் இருக்கின்றனவா?
ஒன்பதாம் மாதம் இருவரும் சேர்ந்து ஆஸ்பத்திரியைப் பார்த்து வர என்றைக்குப் போகலாம்?
108க்குப் போன் செய்து வழி சொல்வது யார்?
பிரசவத்தின்போது துணைக்கு இருப்பது யார்?
அடுத்த குழந்தை எப்போது, அல்லது வேண்டாமா?

இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால், பிரசவ அறையில் நிற்பவர் பழையவரானாலும் புதியவரானாலும் உங்களுக்குக் கலக்கம் இருக்காது. தாயும் சேயும் நலமாக வீடு திரும்ப என் வாழ்த்துக்கள்.

கேட்பதில் குறைவில்லை, கேளாமல் இருப்பதில்தான் குறைவு.